பழைய வண்டி மீட்டரைப் பட்டறையில் கொடுப்பதற்கு முன்

650 சிங்கப்பூர் வெள்ளி போனதுகூடப் பரவாயில்லை. அப்பா ஓட்டிய வண்டியின் ஸ்பீடோமீட்டர் இப்போது யாருடைய வண்டியில் இருக்கிறதோ, அதுதான் மனசு ஆறவில்லை.

வண்டி 1969 லேண்ட் ரோவர், சீரிஸ் 2ஏ, 109 அங்குல வீல்பேஸ் (முன் பின் சக்கர இடைவெளி) பிக்கப். பாடி வேலையை நானும் மச்சானும் சனி ஞாயிறில் பார்த்துக்கொண்டோம். மீட்டர் என்றதும் கை நடுங்கியது. தெரிந்தவர் சொன்ன பட்டறையில் ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் - டெம்பரேச்சர் மீட்டர், இரண்டும் உட்காரும் தகரப் பலகை எல்லாவற்றையும் கொடுத்தேன். ரசீதில் ‘மீட்டர் சர்வீஸ்’ என்று இரண்டே சொல். அப்போதே முழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் என்றது ஏழு வாரமானது. கைக்கு வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது.

மாட்டி எஞ்சினைப் போட்டால், கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பதறிப்போய் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) மாற்றினேன். மறுபடியும் சிவப்பு. மச்சான் லேசர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார்: 80 டிகிரியைத் தாண்டவில்லை. டேங்கில் அஞ்சு லிட்டர்தான் ஊற்றியிருந்தேன். பெட்ரோல் முள்ளோ பாதிக்கு மேல் நின்றது. இரண்டு முள்ளும் சேர்ந்து கூடுதலாகக் காட்டினால் கோளாறு எஞ்சினில் இல்லை.

பலகைக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரியாக 10 வோல்ட்டாக்கி இரண்டு மீட்டருக்கும் கொடுப்பது அதுதான். உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைந்து, மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும். அதற்கு எர்த் கிடைப்பது அதன் தகர உடம்பு வழியாக. பட்டறைக்காரர் பலகை முழுக்கப் பெயின்ட் அடித்து, பெயின்ட் மேலேயே அதைத் திருகியிருக்கிறார். பெயின்ட் மறித்து எர்த் இல்லாமல் போனால் பட்டை சூடாகாது, 12 வோல்ட்டும் அப்படியே மீட்டருக்குப் போகும். திருகுக்குக் கீழே காசளவு பெயின்ட்டைச் சுரண்டினேன். முள் இறங்கிவிட்டது. தெர்மோஸ்டாட் காசு தண்டம்.

அது கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படியல்ல.

முதல் பெருமழைக்கு ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் பனி மூட்டம். கழற்றிப் பார்த்தால் ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கான் பசை. அப்போதுதான் டயலின் கீழே இருந்த சின்ன எண் கண்ணில் பட்டது. வண்டி ஓட ஓடச் சுழன்று மீட்டரை இயக்கும் கேபிள், ஒரு மைலுக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. கழற்றுவதற்கு முன் மகள் எடுத்த போட்டோவில் வேறு எண்!

சந்தேகத்தைத் தீர்க்க, கேபிள் முனையில் அட்டை அம்பு ஒன்றை ஒட்டி, வண்டியை 52 அடி 9½ அங்குலம் தள்ளினோம். மைலில் நூறில் ஒரு பங்கு. அம்பு சுற்றியதை எண்ணி நூறால் பெருக்கினால் பழைய போட்டோவில் இருந்த எண்ணோடு ஒத்துப்போனது. மாட்டியிருந்ததோ 88 அங்குல வண்டியின் மீட்டர். அந்த வண்டிக்குச் சின்ன டயர். என்னுடைய பெரிய 7.50 டயருக்கு அது வேகத்தைக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் காட்டும். வேகக் கேமராவில் சிக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

மைல் கணக்கை மட்டும் மறக்காமல் அப்பாவின் எண்ணுக்கே திருப்பி வைத்திருந்தார்கள். இலக்கங்கள் வரிசையாக நிற்காமல் ஏறி இறங்கி நின்றன.

போய்க் கேட்டேன். “பழைய சாமான் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் அண்ணே, உங்களுக்கு ஞாபகப் பிசகு” என்றார். போட்டோவைக் காட்டியதும் போன் வந்துவிட்டது அவருக்கு.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள், 20,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம். விஷயம் அங்கே இருப்பதால் பட்டறைப் பெயரை இங்கே போடவில்லை. மீட்டர் கொடுக்கப் போகிறவர்கள் டயல் எண்ணையும் மைல் கணக்கையும் போட்டோ எடுத்து, இரண்டையும் ரசீதிலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள்.

எங்கள் மீட்டரில் 30-க்கும் 40-க்கும் நடுவே, அரிசி அளவுக்குக் கறுப்பு உரிந்திருக்கும். யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.