கேள்வி எழுதித் தரும் செயலி: பாதிதான் தேறுகிறது

பெங்களூரு அல்சூரில் நாங்கள் நடத்தும் பாட்காஸ்டுக்காக, பேட்டிக் கேள்விகள் எழுதித் தரும் இந்தச் செயலியைச் சந்தா கட்டி வாங்கினோம். டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணா 2025 நவம்பரில் ஓய்வை அறிவித்தவர், சரி, அவர் பெயரையே கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தால் முதல் கேள்வியே "ஓய்வு எப்படி இருக்கிறது?" நன்றாக இருக்கிறது என்பார், அப்புறம்? முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோயும் ஐயங்கார் யோகாவால் சமாளித்து, 43 வயதில் மேத்யூ எப்டனோடு 2024 ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வாங்கியவரிடம், இப்போது காலையில் படி இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்றல்லவா கேட்கணும்! அதை நாங்களே எழுதிக்கொண்டோம். ஒரு கேள்வி மட்டும் அசத்தல்: இரட்டையர் ஜோடி பிரியும்போது யார் முதலில் வாய் திறப்பார், போனிலா நேரிலா? மற்றதெல்லாம் எந்த வீரருக்கும் பொருந்தும் சரக்கு. தமிழும் கரடுமுரடு. ஐந்துக்கு இரண்டரை, சந்தாவை நீட்டிக்கவில்லை.