ஓதத் தெரிந்தவனுக்கு ஒரு ஸர்ஃப் வகுப்பு

சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறேன், பொருள் தெரியாமலேயே. அந்தக் குறை தீரட்டும் என்று இணையவழி ஸர்ஃப் வகுப்பில் சேர்ந்தேன். அரபுச் சொற்கள் எப்படி உருவாகின்றன என்பதைச் சொல்லும் இலக்கணம் அது. பன்னிரண்டு வாரம், விளக்கமெல்லாம் தமிழில்.

முதல் பாடத்திலேயே உஸ்தாத் (ஆசிரியர்) என்னைப் பிடித்துப் போட்டார். 'நஸல' என்றால் இறங்கினான். 'அன்ஸல', இறக்கினான். நடுவெழுத்து இரட்டித்த 'நஸ்ஸல'வும் இறக்கினான்தான். இறங்கு, இறக்கு, திருந்து, திருத்து என்று பழகிய நமக்கு முதல் படி எளிது. ஆனால் 'இறக்கினான்' என்பதற்கே இரண்டு அச்சு நம்மிடம் இல்லையே! ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தில் குர்ஆனுக்கு நஸ்ஸல, மூஸா நபியின் வேதமான தவ்ராத்துக்கும் ஈஸா நபியின் வேதமான இன்ஜீலுக்கும் அன்ஸல. நான் வைத்திருக்கும் தமிழாக்கத்தில் இரண்டும் ஒரே சொல். குர்ஆன் சிறுகச் சிறுக இறங்கியது, மற்றவை ஒரேயடியாக இறங்கின, அதனால்தான் இந்த வேறுபாடு என்பது குர்ஆன் விரிவுரையாளர் ஸமக்ஷரி தரும் விளக்கம். கேட்டபோது சிலிர்த்துவிட்டது.

அங்கேதான் எனக்கு வகுப்போடு சண்டை. ஃபுர்கான் அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில், "குர்ஆன் ஏன் ஒரே தடவையில் இறக்கப்படவில்லை?" என்று மறுப்பவர்கள் கேட்கிறார்கள். அங்கே வருவதும் அதே இரட்டித்த வடிவம், 'நுஸ்ஸில' (இறக்கப்பட்டது)! ஒரே தடவைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். "விதிவிலக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வஸ்ன், அதாவது சொல்லின் அச்சு, ஒரு சாய்வைக் காட்டும், முடிவு சொல்வது வசனத்தின் இடம்தான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

வாவ், யா போன்ற நலிந்த எழுத்துகள் வேரில் வரும் வினைகள் வெறும் ஓட்டம். 'கவல' எப்படி 'கால' (சொன்னான்) ஆனது என்பதற்குப் பத்தே நிமிடம். பாடக் கோப்பில் பாதி ஹரகத்துகள் (உயிர்க்குறிகள்) பக்கத்து எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. ஸர்ஃப் பாடத்தில் இது உப்பில்லாக் குறை அல்ல, சோறே இல்லாத குறை.

ஆனாலும் காசு வீண் என்று சொல்ல மாட்டேன். போன வெள்ளிக்கிழமை கஹ்ஃப் அத்தியாயம் ஓதிக்கொண்டிருந்தேன். 97ஆம் வசனம், குர்ஆன் சொல்லும் மன்னர் துல்கர்னைன் எழுப்பிய தடுப்பு. அதன்மேல் ஏற முடியவில்லை என்பதற்கு 'இஸ்தாஊ', துளையிட முடியவில்லை என்பதற்கு ஓரெழுத்து கூடிய 'இஸ்ததாஊ'. ஏறுவதைவிடக் குடைவது கடினம், அதனால் சொல்லும் கனத்தது என்பார்கள். எத்தனை வெள்ளிக்கிழமை இதைத் தாண்டி ஓடியிருக்கிறேன்!

ஓதத் தெரிந்தவர்கள் சேரலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் ஆறு மாதம் பொறுங்கள். இங்கே யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.