எச்சில் துப்பிக் கேட்ட ஜோசியம்

வீட்டிலிருந்தே குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணு அறிக்கை தருகிற சேவைகளில் ஒன்று, பெயர் வேண்டாம். எனக்கு ஏற்கெனவே எம்எஸ், அதாவது மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்புறையைத் தாக்கும் நோய். கண்ணில்தான் ஆரம்பித்தது: ஒரு கண்ணை அசைத்தாலே வலி, சிவப்பெல்லாம் வெளிறிப்போய்த் தெரிந்தது. பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது, ஆனால் மிச்சமிருப்பது நிலைக்குமா என்ற ஒரே கேள்விக்காகத்தான் இதை வாங்கினேன்.

கிட்டில் குறையில்லை, அறிக்கையும் சொன்ன தேதிக்கு வந்தது. முதல் பக்கத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் "உயர் அபாயம்", எச்எல்ஏ-டிஆர்பி1*15:01 என்ற மரபணு வகை என்னிடம் இருக்கிறதாம். அது பொய்யில்லை, எம்எஸ் வரும் வாய்ப்பைக் கிட்டத்தட்ட 3 மடங்கு கூட்டுகிற வகைதான். ஆனாலும் அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு எம்எஸ் வருவதே இல்லை. அது போகட்டும், வந்து உட்கார்ந்துவிட்ட நோய்க்கு வரும் வாய்ப்பைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அடுத்த பக்கம்தான் எரிச்சல். "நோய்த் தீவிரம்" என்று தலைப்புப் போட்டு, கீழே அதே அபாய மரபணுக்களையே கூட்டி ஒரு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். நோய் வரச் செய்வது வேறு, வந்த நோயை முற்றச் செய்வது வேறு. 12,000க்கும் மேற்பட்ட எம்எஸ் நோயாளிகளை வைத்து 2023ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, டிஒய்எஸ்எஃப், இசட்என்எஃப்638 என்ற மரபணுக்கள் இருக்கும் பகுதியில் ஒரு மாற்றத்தைக் காட்டியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்கு ஊன்றுகோல் தேவைப்படும் நிலை சுமார் 4 வருடம் முன்னதாகவே வந்திருக்கிறது. அந்த இடத்தை இந்த அறிக்கை தொடவே இல்லை. சி3 போன்ற காம்ப்ளிமென்ட் (நோயெதிர்ப்புப் புரதங்கள்) மரபணுக்களுக்கும் எம்எஸ்காரர்களின் விழித்திரை மெலிவதற்கும் தொடர்பு இருப்பதாக 2019லேயே ஆய்வு வந்தாயிற்று, அதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. இருந்திருந்தாலும் அதெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரிக் கணக்கு, என் கண்ணின் கணக்கு இல்லை.

மரபணுச் சோதனை வீண் என்று சொல்ல வரவில்லை. வலியே இல்லாமல் ஒரு கண் மங்கி, சில வாரத்தில் மற்றதும் மங்கினால், அது பார்வை நரம்பைக் கெடுக்கிற, தாய்வழி வரும் லீபர் நோயாக இருக்கலாம். அங்கே செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் 3 மாற்றங்களைத் தேடினாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அந்தச் சோதனையை மருத்துவர் எழுதித் தர வேண்டும், இந்தக் கிட் மைட்டோகாண்ட்ரியா பக்கமே போகவில்லை.

கடைசியில் என் கேள்விக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வந்தது ஓசிடி ஸ்கேன், அதாவது ஒளியை வைத்து விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் சோதனை. கருவியில் முகவாயை வைத்துச் சில நிமிடம் உட்கார்ந்தால் போதும், விழித்திரையின் நரம்பிழை அடுக்கு எத்தனை மைக்ரான் என்று அச்சடித்துத் தருகிறார்கள், அப்புறம் அதைப் போன தடவைத் தாளோடு ஒப்பிட வேண்டியதுதான்.

5க்கு 2 நட்சத்திரம், அந்த 2ம் சொன்ன தேதிக்கு அனுப்பியதற்கு. தீவிர மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டதற்கு, அதே அறிக்கையைத் திரும்ப அனுப்பி வைத்தார்கள்.