குழந்தை மருத்துவராக இரண்டு வழி: மாஸ்டர்ஸா, எம்.ஆர்.சி.பி.சி.எச்சா?

ஹவுஸ்மேன்ஷிப் (மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய கட்டாயப் பயிற்சி) முடித்துவிட்டு குழந்தைகள் வார்டிலேயே இருந்துவிட நினைக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு, கோலாலம்பூரில் இரண்டு வழி உண்டு.

ஒன்று, பல்கலைக்கழக மாஸ்டர்ஸ். 4 ஆண்டு. யூ.கே.எம். (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) வழியாகப் போனால் செராஸில் அதன் குழந்தைகள் சிறப்பு மருத்துவமனை. மலாயாப் பல்கலைக்கழகம் என்றால் அதன் சொந்த மருத்துவமனை. பேராசிரியர் பக்கத்திலேயே இருப்பார், ஆய்வேடும் எழுத வேண்டும். அரசு உதவித்தொகையில் படித்தால் பிறகு ஒப்பந்தப்படி சேவை செய்ய வேண்டும். இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு.

இன்னொன்று, எம்.ஆர்.சி.பி.சி.எச்., அதாவது பிரிட்டனின் குழந்தை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி நடத்தும் உறுப்பினர் தேர்வு. அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே மூன்று எழுத்துத் தேர்வு, அப்புறம் ஒரு கிளினிக்கல் (நேரடிச் செய்முறைத் தேர்வு). கட்டணம் பவுண்டில், பெரும்பாலும் சொந்தப் பணம். இரவுப் பணி முடித்துக் கண் எரிய உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆனால் அந்தக் கிளினிக்கல் தேர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்பின் தெரியாத குழந்தையிடம் விளையாட்டுக் கட்டைகளை நீட்டி, அது அடுக்குவதையும் பென்சில் பிடிப்பதையும் பார்த்தே வளர்ச்சியைக் கணிக்க வேண்டும். பதறும் பெற்றோரிடம் பேசும் விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. தேர்வில் தேறியதும் நிபுணர் ஆகிவிட முடியாது. மேற்பார்வையில் பயிற்சி, அதன் பிறகே தேசிய நிபுணர் பதிவேடு.

பதிவேட்டில் ஏறிய பிறகு எந்த வழியில் வந்தாலும் இருவரும் சமம்தான். இதயம், பச்சிளங்குழந்தை என உட்பிரிவுக்குப் போக இருவருக்கும் மேற்பயிற்சி உண்டு.

ஆராய்ச்சியிலும் கற்பிப்பதிலும் ஆசை இருந்தால் மாஸ்டர்ஸ். குடும்பப் பொறுப்பால் வேலையை விட முடியாதவருக்கு, தானே அட்டவணை போட்டுப் படிக்கும் பிடிவாதமும் இருந்தால், இரண்டாவதையே தயங்காமல் சொல்வேன்.