ஓடை வாசிப்பானும் தொடக்கப் பக்கமும்: ஐந்தைப் போட்டுப் பார்த்ததில் எங்கள் வீட்டில் நின்றவை

காலையில் தேத்தண்ணியோடு நான் திறக்கும் பக்கம் பல வருடமாக ஒன்றுதான். காலநிலை, செய்தித் தலைப்புகள், வங்கிச் சுட்டி, விடாமல் வாசிக்கும் அறுபது சொச்சம் வலைப்பதிவுகள், எல்லாம் அதற்குள் இருந்தன. சேவையை நிறுத்தப்போகிறோம் என்று மின்னஞ்சல் வந்தபோது, வாடகை வீட்டை உடனே காலி பண்ணச் சொன்னதுபோல் இருந்தது. 2013 ஜூலை 1இல் கூகுள் ரீடர் என்ற வாசிப்பானும் அதே வருடம் நவம்பரில் ஐகூகுள் என்ற தொடக்கப் பக்கமும் போனதை அனுபவித்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

புதியது தேடும்போது நான் முதலில் செய்தது இரண்டு வேலையையும் பிரித்ததுதான். தொடக்கப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு. வாசிப்பான், தளங்களில் புதிதாக வருவதைக் கொண்டுவந்து தரும் ஓடைகளை (RSS feed) ஆறுதலாக உட்கார்ந்து வாசிப்பதற்கு. எதை வாசித்தோம், எது மிச்சம் என்று அது கணக்கு வைத்திருக்க வேண்டும். அறுபது ஓடையையும் தொடக்கப் பக்கத்துப் பெட்டிகளில் திணித்தால் நேற்று வந்த நல்ல கட்டுரை இன்று கீழே தள்ளுப்பட்டுக் காணாமல் போய்விடும். இத்தனை வருடம் எனக்கு நடந்தது அதுதான்.

வாசிப்பான்களில் ஃபீட்லியும் இனோரீடரும் நேருக்கு நேர் மோதுகின்றன. இலவசக் கணக்கில் ஃபீட்லி 100 ஓடை தருகிறது, இனோரீடர் 150. ஃபீட்லி கண்ணுக்கு அழகு, படத்தோடு சஞ்சிகை மாதிரி விரிகிறது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் வாசிக்காமல் கிடப்பதைத் தானே வாசித்ததாகக் குறித்துவிடுகிறது. நீண்ட கட்டுரைகளைப் பள்ளிக்கூட விடுமுறைக்கென்று சேர்த்து வைக்கும் எனக்கு அது சரிவரவில்லை. இனோரீடரின் இலவசக் கணக்கில் விளம்பரம் வரும், திரையும் கொஞ்சம் நெரிசல். இருந்தாலும் தலைப்புகளை மட்டும் வரிவரியாக வைத்துக்கொண்டு மளமளவென்று இறங்கிப் போக அதுதான் எனக்குக் கைக்கு வந்தது. கணினியில் அதையே வைத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் ஓடும் பழைய தளங்கள் எந்த வாசிப்பானிலும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதற்கு வாசிப்பானைக் குறை சொல்லிப் பயனில்லை, தளம்தான் யுனிகோடுக்கு வரவேண்டும்.

போனில் கதை வேறு. ஆன்ட்ராய்டில் ஃபீடர் என்ற திறமூலச் செயலி இருக்கிறது. கணக்குத் திறக்கத் தேவையில்லை, விளம்பரம் இல்லை, எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும். ஓடை ஒவ்வொன்றுக்கும் முழுக் கட்டுரையையும் இறக்கி வைக்கச் சொல்லலாம். வைஃபை இருக்கும்போது மட்டும் புதுப்பிக்கவும் சொல்லலாம். திருமலையிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் இதன் அருமையை உடனே பிடித்துக்கொள்வார்கள். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுப் பக்கம் போகப் போக சிக்னல் விழுந்து விழுந்து எழும்பும். போன மாதம் அந்தப் பாதையில் பக்கத்துச் சீட்டுத் தம்பி போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் முதல் நாள் இரவு இறங்கிய பதினொரு கட்டுரைகளில் ஏழாவதில் இருந்தேன். ஒரே குறை, கணினியில் வாசித்தது இதற்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு ஓட வேண்டும் என்பவர்கள் இனோரீடரின் செயலியையே போனிலும் போடுங்கள்.

தொடக்கப் பக்கத்துக்கு ஸ்டார்ட்.மீ, புரோட்டோபேஜ் இரண்டையும் பார்த்தேன். புரோட்டோபேஜ் 2005இலிருந்து இருக்கிறது. தோற்றம் அந்தக் காலத்தது, ஆனால் ஒட்டுத்தாள் மாதிரிக் குறிப்புகளை விரும்பிய மூலையில் இழுத்து வைக்கலாம். ஸ்டார்ட்.மீ துப்புரவாக இருக்கிறது. உலாவியில் சேர்த்த சுட்டிகளை அப்படியே ஏற்றிப் பெட்டிகளாகப் பிரித்துவிடலாம். இலவசத்தில் இதிலும் விளம்பரம் உண்டு. எனக்கென்றால் புரோட்டோபேஜ் போதும். அப்பாவுக்குத்தான் ஸ்டார்ட்.மீ போட்டுக் கொடுத்தேன். "பிள்ளை, கடல் எப்பிடியாம் எண்டதை மேல வை, மிச்சத்தை நான் பேப்பரில பாப்பன்" என்றார். வாடைக்காற்று மாதங்களில் அவருக்கு வேறு செய்தி தேவையில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் சுட்டியை முதல் பெட்டியில் வைத்தேன், கீழே மருந்து எடுக்கும் திகதிகளுக்கு ஒரு குறிப்பு. இப்போது மூக்குக் கண்ணாடியைத் தேடாமலே திறக்கிறார்.

எதை எடுத்தாலும் ஓபிஎம்எல் கோப்பை இறக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். உங்கள் ஓடைகளின் முழுப் பட்டியலும் அந்தச் சின்னக் கோப்புக்குள் அடங்கும். ஃபீட்லி, இனோரீடர், ஃபீடர் மூன்றும் அதை ஏற்கும், திருப்பியும் தரும். பழைய இடத்திலிருந்து நான் அறுபதையும் கொண்டுவர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது மாதம் பிறந்ததும் அந்தக் கோப்பை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைக்கிறேன்.