சரளைப் பாதைக்கு ஏற்ற 40 மி.மீ. டயர்

காடு அடர்ந்த மலைச்சரிவிலிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கு இறங்கும் சரளைக்கல் பாதைகளில் நான்கு மாதங்களாக இந்த 40 மி.மீ. அகல டியூப்லெஸ் சைக்கிள் டயர்களை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நடுப்பகுதி ஏறத்தாழ வழவழப்பாகவும் ஓரங்களில் மட்டும் குமிழ்கள் துருத்தியும் இருப்பதால், ஆற்றங்கரையின் இறுகிய மண்ணில் சைக்கிள் தார்ச்சாலையில் போவதைப் போலவே உருளுகிறது. ஏற்றத்தில்தான் சிக்கல்: ஈர இலைகள் மூடிய செங்குத்தான திருப்பத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது. காற்றழுத்தத்தை 40 பி.எஸ்.ஐ.யிலிருந்து 32க்குக் குறைத்து, இருக்கையில் அமர்ந்தே மிதித்தபோது பிடிமானம் கூடியது. கைப்பிடியில் அதிர்வும் தணிந்தது. கூர்ங்கல் குத்திய ஓட்டையை உள்ளிருந்த அடைப்புத் திரவம் சில சுற்றுகளிலேயே மூடிவிட்டது (சட்டையில் தெறித்த வெள்ளைக் கறைதான் இன்னும் போகவில்லை). மழைக்காலத்திற்கென்று இதை வாங்க வேண்டாம். ஓரக் குமிழ்களுக்கிடையே அப்பிக்கொள்ளும் சேறு எளிதில் உதிர்வதில்லை.