நிரல், உரை, மழைக் கணக்கு: சொந்தத் தளம் ஒன்றைப் பராமரித்த அனுபவம்

கோத்தகிரியில் இருந்துகொண்டு, நிரலாக்கம் பற்றிய சொந்தத் தளம் ஒன்றைப் பத்து வருஷத்துக்கும் மேலாகப் பராமரித்து வருகிறேன். நான் எழுதிய சின்னச் சின்ன நிரல்கள், படித்த நிரலாக்கப் புத்தகங்களுக்கான மதிப்புரைகள், அப்புறம் இந்தப் பக்கத்து மழைமானிப் பதிவுகளைக் கணக்குப் போடும், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரல், அதற்கான தரவு. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. தளம் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தக் கருவி நல்லது என்றுதான். என் அனுபவத்தில் கருவியைவிட அதிகம் உதவியது இரண்டு சின்னக் குறிப்புகள்: ஒவ்வொன்றின் அடியிலும், அதை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் குறிப்பும், ஒவ்வொரு மதிப்புரையின் தலையிலும் இருக்கும் பதிப்பு, தேதிக் குறிப்பும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியதை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் ஹியூகோ பயன்படுத்துகிறேன். ஒரே ஒரு இயங்கு கோப்பு, வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. பக்கங்களை மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில் எழுதுகிறேன், எல்லாம் கிட் என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் இருக்கிறது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் நனையும். அக்டோபர், நவம்பரில் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்தால் கரண்டும் போகும், நெட்டும் போகும். முன்கூட்டியே தயாரித்து வைக்கும் நிலைத்த பக்கங்களாக இருப்பதால் அது ஒரு பொருட்டே இல்லை. மடிக்கணினியில் எழுதி, அங்கேயே பார்த்துச் சரிசெய்து, நெட் வந்ததும் அனுப்பிவிடலாம். டேட்டாபேஸ் கிடையாது, யாரும் உள்ளே புகுந்து கெடுக்க நிர்வாகப் பக்கமும் கிடையாது. குறை என்றால், ஹியூகோவின் புதிய வெளியீடுகளில் பழைய தீம் சில நேரம் உடையும். நான் ஒரு பதிப்பில் நிலையாக நின்று, நேரம் இருக்கும்போது மட்டும் மாற்றுகிறேன். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு. குறுகிய காலமே செல்லும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருக்கிறேன். காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதனால் புதுப்பித்தல் நடந்ததா என்று பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்டையும் ஓடவிட்டிருக்கிறேன்.

இனி உரிமம். தளத்தில் ஒரு நிரலைப் போட்டுவிட்டாலே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி இல்லை. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது, அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. நம் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள்தான் வருகிறது. ஆக, உரிமக் குறிப்பு இல்லாத நிரலை ஒழுங்காக நடப்பவர்கள் தொடமாட்டார்கள், மற்றவர்கள் கேட்காமலே எடுத்துப்போவார்கள். யாருக்கு உதவ வேண்டும் என்று போட்டோமோ, அவர்களுக்குத்தான் அது பயன்படாமல் போகிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படும்.

என் தளத்தில் நிரலுக்கு, உரைக்கு, தரவுக்கு என்று தனித்தனி உரிமங்கள். ஒரே உரிமத்தில் எல்லாவற்றையும் அடக்கினால் சுலபம்தான், ஆனால் பொருந்தாது. படைப்புகளைப் பகிர ஆயத்த உரிமங்களைத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே தன் உரிமங்களை மென்பொருளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்கிறது. மூல நிரலை, அதாவது படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, தருவது பற்றி அவற்றில் பேச்சே இல்லை.

பத்து, இருபது வரி நிரல்களுக்கு எம்ஐடி உரிமம் போடுகிறேன். அது கேட்பது ஒன்றே ஒன்று: பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் பிரதியில் அப்படியே வைத்திருக்க வேண்டும். உத்தரவாதம் எதுவும் இல்லை என்றும் அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது. மழைக் கணக்கு நிரல் கொஞ்சம் பெரியது. அதற்கு ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. யாராவது அதை மேம்படுத்தி வெளியே கொடுத்தால், அந்த மேம்பாட்டின் மூல நிரலும் பெறுபவர் கைக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘இந்தப் பதிப்பு’ என்று மட்டும் எழுதுவதும், ‘இதுவோ இதற்குப் பிந்தைய எந்தப் பதிப்போ’ என்று எழுதுவதும் வேறு வேறு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் மட்டும் நிற்கிறது. நான் ‘பிந்தைய பதிப்பும்’ என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு நிரல் கோப்பின் முதல் வரியிலும் எஸ்பிடிஎக்ஸ் அடையாளத்தை, அதாவது உரிமத்தின் பெயரைச் சொல்லும் ஒரு குறுவரியை, போட்டுவிடுவேன். கோப்பு தனியாகப் பிரிந்து எங்கே போனாலும் உரிமம் அதனுடனேயே போகும்.

உரைக்கு, அதாவது பாடக் குறிப்புகளுக்கும் மதிப்புரைகளுக்கும், கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0. பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ‘வணிகம்’ எங்கே தொடங்குகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கூடலூர் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஒருவர் ஒருநாள் போன் செய்தார். “அண்ணா, உங்க பைத்தான் பாடத்தை அச்சடிச்சு பசங்களுக்கு அடக்க விலைக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்டார். “கேக்கவே வேண்டாம் தம்பி, கீழ உரிமம் போட்டிருக்கேன் பாருங்க” என்றேன். முதல் பக்கத்தில் பெயரும் உரிமமும் அச்சிட்டு அவர் புத்தகம் போட்டார். சில உதாரணங்களை மாற்றி, ஏலக்காய் எடைக் கணக்கெல்லாம் சேர்த்திருந்தார். அவை திரும்ப என் தளத்துக்கே வந்து சேர்ந்தன. வணிகத் தடை போட்டிருந்தால் அடக்க விலை வணிகமா இல்லையா என்று இருவரும் தயங்கிக்கொண்டே இருந்திருப்போம். தமிழில் கணியம் இதழும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் நிறைய வெளியிட்டு இந்தப் பழக்கத்தைப் பரப்பியிருக்கிறார்கள். அதனால்தான் இன்று தமிழ் வாசகரிடம் இதை முதலிலிருந்து விளக்க வேண்டியிருப்பதில்லை.

தரவுதான் மூன்றிலும் நுட்பமானது. இங்கே எஸ்டேட்டுகளிலும் சில வீடுகளிலும் மழைமானி வைத்துக் காலை 8.30 மணிக்கு அளந்து நோட்டில் எழுதும் வழக்கம் உண்டு. பழைய நோட்டுகளில் அளவு இஞ்சிலும் சென்ட்டிலும் இருக்கும். நூறு சென்ட் ஒரு இஞ்ச், ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். என் நிரல் இதை மாற்றி, மாதக் கணக்கும் பருவக் கணக்கும் போடுகிறது. இன்று காலை இத்தனை மில்லிமீட்டர் என்ற தகவலுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அப்படித் தொகுத்த அட்டவணைக்கும் தரவுத்தளத்துக்கும் நம் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அதனால் நோட்டு வைத்திருப்பவரைக் கேட்காமல் எதையும் ஏற்றுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தினசரிக் கணக்கையே கொடுத்துவிட்டார். ஒரு எஸ்டேட்டில் மாத மொத்தம் மட்டும் போதும் என்றார்கள். சரி, அவ்வளவுதான் போட்டேன். எந்தத் தொடரை யார் எந்த அளவுக்கு அனுமதித்தார்கள் என்று தரவுக் கோப்பின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். நான் அளந்த தொடருக்கு மட்டும் சிசி ஜீரோ, அதாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் உரிமையை விட்டுக்கொடுக்கும் அறிவிப்பு. நம் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஆசிரியர் தன் உரிமையைப் பொது அறிவிப்பு மூலமாகவே விட்டுக்கொடுக்க 2012 திருத்தத்துக்குப் பிறகு இடம் தருகிறது.

வெளியிலிருந்து எடுப்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கிடைக்கும் நிரல் துண்டுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ உரிமத்தில் இருப்பவை. அதை அப்படியே எடுத்து எம்ஐடி கோப்புக்குள் ஒட்ட முடியாது. நான் விஷயத்தைப் புரிந்துகொண்டு, மூடிவிட்டு, சொந்தமாக எழுதுகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் நன்றாக மனதில் நிற்கும். தமிழ் எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமம் என்பதால் தளத்தோடு சேர்த்தே வைக்கலாம், உரிமக் கோப்பையும் கூட வைக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு கம்பெனி என் எம்ஐடி நிரலை எடுத்துப் பெயரையும் உரிமத்தையும் அழித்துவிட்டுத் தன் மென்பொருளில் சேர்த்திருந்தது. இரண்டு பத்தியில் மின்னஞ்சல் அனுப்பினேன். உரிம வாசகம் தெளிவாக இருந்ததால் வாக்குவாதத்துக்கே இடமில்லாமல் திரும்பச் சேர்த்தார்கள்.

புத்தக மதிப்புரைகளுக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். நிரலாக்கப் புத்தகம் நாவல் மாதிரி அப்படியே இருப்பதில்லை, அடியில் இருக்கும் மொழியும் கருவியும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் மதிப்புரையின் தலையில் எந்தப் பதிப்பு, எந்த வருஷம், அதன் நிரல்களை எந்தப் பதிப்பு மொழியில் ஓட்டிப் பார்த்தேன், கடைசியாக எப்போது சரிபார்த்தேன் என்று போடுகிறேன். கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு 1988-இல் வந்தது. அதன் முதல் நிரலில், நிரல் தொடங்கும் இடமான மெயின் சார்புக்கு முன்னால், அது எந்த வகை மதிப்பைத் திருப்பித் தரும் என்பது எழுதப்பட்டிருக்காது. பல வருஷம், சி நிரலை இயங்கு வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கருவி அதை ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. 2024-இல் வந்த ஜிசிசி 14 அதைப் பிழை என்றே நிறுத்திவிடுகிறது. புதிதாக சி படிக்கும் ஒரு பிள்ளை முதல் பக்கத்திலேயே தடுமாறி நிற்கும். ‘முன்னால் இன்ட் (முழு எண் வகை) சேர்க்கவும், அல்லது சி89 என்ற பழைய தரத்தைக் கேட்டு இயக்கவும்’ என்று மதிப்புரையில் ஒரு வரி சேர்த்தேன். புத்தகத்தின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை துளியும் குறையவில்லை, இன்றும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் அந்த வரி இல்லாத மதிப்புரையை இன்று யாருக்கும் கொடுக்க மாட்டேன். பைத்தான் 2 புத்தகங்களுக்கும் இதே கதை. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு அந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்தது. அந்த மதிப்புரைகளை அழிக்கவில்லை, மேலே பெரிதாகக் குறிப்பு வைத்தேன். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ பழைய புத்தகக் கடையில் அவற்றை யாரேனும் வாங்கக்கூடும்.

மேற்கோளிலும் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்துக்காட்டலாம் என்று நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அந்தச் சலுகை கணினி நிரலுக்கு இல்லை என்று அதே வாசகம் விலக்கிவிடுகிறது. அதனால் புத்தகத்தின் உரையிலிருந்து ஓரிரு வரி காட்டுவேன். நிரல் வேண்டும் என்றால் அதே கருத்துக்கு நானே ஒன்று எழுதுவேன், அல்லது புத்தகத்தின் உரிமம் என்ன சொல்கிறது என்று பார்ப்பேன். எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட் என்ற புத்தகம் இதில் ஒரு நல்ல முன்மாதிரி. அதன் உரைக்கு வணிகமல்லாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், உள்ளே இருக்கும் நிரல்களுக்கு எம்ஐடி. மாணவர்கள் நிரலைத் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். எல்லாப் பாடப்புத்தக ஆசிரியர்களும் இப்படி ஒரு வரி எழுதிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அச்சுப் புத்தகங்களுக்கு மலையில் ஒரு தனித் தொல்லை, ஈரம். மழை மாதங்களில் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். சுவரிலிருந்து நகர்த்தி வைத்து, வெயில் வரும் நாளில் விரித்து வைக்கிறேன்.

தமிழில் தளம் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பக்க முகவரியைத் தமிழில் வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிந்து, முகவரி அரைப் பக்கம் நீளும். நான் ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டேன். அடுத்தது தேடல். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு, அதாவது இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியீடாகச் சேர்க்கும் முறைக்கு, எல்லாக் கோப்பையும் மாற்றிவிட்டால் தேடல் ஒழுங்காக வேலை செய்யும். ‘ஔ’ என்பதை ‘ஒள’ என்று தட்டியிருந்தால் அதை என்எஃப்சி திருத்தாது, கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இணைப்புகள் சாவது தொடர்ந்த வருத்தம். நிரல் திட்டங்களை வைக்கும் தளமான கூகுள் கோட் 2016-இல் மூடியபோது பல பயனுள்ள திட்டங்களின் முகவரிகள் செத்துப்போயின. அதனால் முக்கியமான இணைப்பைக் கொடுக்கும்போதெல்லாம் இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளை வைத்திருக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து அந்த முகவரியையும் கூடவே வைக்கிறேன்.

என் தளத்துக்கும் ஒருநாள் அந்த நிலை வரலாம். அதனால் கிட் களஞ்சியம் முழுவதின் பிரதி ஒன்றைக் கூடலூர்த் தம்பியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். உரிமங்கள் உள்ளேயே இருப்பதால் அவர் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அவர் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் கனமாகப் பெய்யும். பருவக் கணக்கை ஜூனிலிருந்து தொடங்கும்படி நிரலை மாற்றி, தன் வீட்டு மழைமானிக் கணக்கையும் சிசி ஜீரோவில் சேர்த்து, போன மழைக்காலத்திலிருந்து தானே ஓட்டி வருகிறார்.